சாக்குப்போக்கு போதும், டாக்டர்!

எத்தனை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய்?

"ஒருநாள் போவேன். டாக்டரே இல்லாத ஏதோ ஓர் ஏழை நாட்டில் கொஞ்ச காலம் வேலை பார்ப்பேன்."

ஹாஸ்டல் மொட்டைமாடியில் சொன்னாய். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது சொன்னாய். பெங்களூர் அல்சூரில் வாடகைக்கு இடம் பிடித்து கிளினிக் போர்டு மாட்டிய அன்றும் சொன்னாய்.

எங்கே அந்த ஒருநாள்?

காலண்டரில் அப்படி ஒரு கிழமை கிடையாது! நீ தேதி குறிக்காத வரை அது வராது. வரவே வராது!

அல்சூர் பஜார் தெரு நெரிசலுக்கு நடுவே டோக்கன் போட்டு, காய்ச்சலும் இருமலும் வயிற்றுப்போக்கும் பார்க்கிற குடும்ப டாக்டரே, உன்னிடம்தான் பேசுகிறேன். பக்கத்தில் யாரையும் தேடாதே. உன்னிடம்தான்!

"நான் வெறும் எம்.பி.பி.எஸ். பெரிய ஸ்பெஷலிஸ்ட் இல்லை. நான் போய் என்ன கிழிக்கப் போகிறேன்?"

இதுதானே உன் முதல் சாக்கு?

சரி, கணக்குப் பார்ப்போம். 2023-ல் மட்டும் மலேரியாவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 6 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூற்றில் 95 சாவு ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் 5 வயதைத் தாண்டாத பிள்ளைகள்.

அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற யார் வேண்டும்? இதயம் மாற்றுகிற நிபுணரா? ரோபோ வைத்து அறுவை செய்கிறவரா?

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் சோதனை அட்டை. மூன்று நாள் மாத்திரை. நோய் முற்றுவதற்குள் இதைச் செய்ய ஓர் ஆள்.

அந்த ஆளாக இருக்க உனக்கு என்ன குறை?

நிமோனியாவை எடுத்துக்கொள். எக்ஸ்-ரே இல்லாத ஊரில் டாக்டர் என்ன செய்கிறார்? குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு மூச்சை எண்ணுகிறார். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத குழந்தையென்றால் நிமிடத்துக்கு 50. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40. எண்ணிக்கை அதைத் தொட்டுவிட்டால் மருந்தைத் தொடங்கு!

பட்டினியில் வாடும் குழந்தையா? மேற்கையில் ஒரு நாடாவைச் சுற்று. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்குச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஆபத்து. நாடாவிலேயே சிவப்பு நிறம் காட்டும்.

எண்ணத் தெரியும் உனக்கு. அளக்கத் தெரியும். தொட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து, தாயின் முகத்தைப் பார்த்து நோயைப் பிடிக்கத் தெரியும். குழந்தை, கர்ப்பிணி, கிழவர் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் பார்க்கத் தெரியும்.

இதையா நீ "வெறும்" என்கிறாய்?

உலகத்தின் நோய்ச்சுமையில் நான்கில் ஒரு பங்கை ஆப்பிரிக்கா சுமந்தது. உலகத்தின் மருத்துவப் பணியாளர்களில் 3 சதவீதம்தான் அங்கே இருந்தார்கள். 2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு இது. அங்கே இல்லாதது உன் மாதிரி ஆள்! எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஆள்!

"சரி, வசதி வேண்டாமா? ஸ்கேன் இல்லை, லேப் இல்லை, கரண்ட்டே இல்லை. வெறுங்கையோடு என்ன வைத்தியம் பார்ப்பது?"

1971-ஐத் திரும்பிப் பார்! வங்கதேசப் போர். எல்லை தாண்டி மேற்கு வங்காளத்தின் பன்கான் முகாமுக்கு அகதிகள் வெள்ளமாக வருகிறார்கள். காலரா பரவுகிறது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வருகிறது.

திலீப் மகலனபிஸ் என்ற டாக்டர் என்ன செய்தார்? கையைப் பிசைந்துகொண்டு நின்றாரா? கல்கத்தாவுக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருந்தாரா?

உப்பு, குளுகோஸ், சோடா உப்பு. இவற்றைக் கலந்து டிரம்மில் கரைத்து வைத்தார். தாயிடமும் அண்ணனிடமும் குவளையைக் கொடுத்து, "நீயே ஊட்டு" என்று சொன்னார். வாய்வழிக் கரைசலைப் பேரிடரின் நடுவே இப்படிக் கொடுப்பதை நம்பாதவர்கள் அன்று மருத்துவ உலகில் நிறையப் பேர்!

முகாமில் 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு, அந்தக் கரைசலைக் குடித்தவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதன்பிறகு உலகமே அதைக் குடித்தது. 2022-ல் அவர் காலமானார். 2023-ல் தேசம் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது.

வசதி இல்லாத இடத்தில்தான் அந்த வைத்தியம் நிலைநாட்டப்பட்டது. நீயோ வசதி வந்த பிறகு போகிறேன் என்கிறாய். வசதி வந்த இடத்துக்கு நீ எதற்கு?

"மொழி தெரியாதே!"

அல்சூரில் உட்கார்ந்துகொண்டா இதைச் சொல்கிறாய்?

காலையில் முதல் நோயாளி தமிழ். அடுத்தவர் கன்னடம். அதற்கடுத்து தெலுங்கு. பிறகு உருது பேசும் பாட்டி. கடைசியில் கட்டட வேலைக்கு வந்த பீகார் தம்பி. ஒரே நாளில் ஐந்து மொழியில் "எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று கேட்கிறவன், ஆறாவது மொழிக்கு அஞ்சலாமா?

சாமுவேல் கிரீனைத் தெரியுமா உனக்கு? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 25 வயது. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது.

மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். தமிழ் கற்றார். கற்றதோடு நின்றாரா? தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார்! உடற்கூறு, பிரசவம், அறுவை என்று பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 60-க்கும் மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களை டாக்டர்களாக்கிவிட்டுப் போனார்.

வேற்றுநாட்டான் ஒருவன் நம் மொழியில் நமக்கு மருத்துவம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அந்தக் கடனை எப்போது அடைக்கப் போகிறாய்?

கொங்கோ, சாட், நைஜர், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. இங்கெல்லாம் பிரெஞ்சு தெரிந்த டாக்டருக்குத் தேவை அதிகம். பிரெஞ்சு சொல்லித் தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் எங்கே இருக்கிறது? வசந்த் நகரில்! அல்சூரிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். அங்கே போகவே உனக்கு மனமில்லை. ஆப்பிரிக்கா தூரம் என்று குறைப்படுகிறாய்!

"என்னை யார் எடுத்துக்கொள்வார்கள்? விண்ணப்பித்தால் நிராகரித்துவிடுவார்களே!"

நிராகரிப்பைப் பற்றி நீ பேசாதே! அதைப் பேசத் தகுதி உள்ளவர் ஒருவர் இந்தப் பெங்களூரில் வேலை பார்த்திருக்கிறார். டாக்டர் பல்பு.

திருவனந்தபுரத்து ஈழவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியவர். சொந்தத் திருவிதாங்கூர் அரசு அவருக்கு வேலை தரவில்லை. காரணம்? சாதி! ஒரே காரணம், சாதி!

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாரா? மைசூர் அரசின் பணிக்கு வந்தார். பெங்களூரில் அம்மைத் தடுப்பு மருந்துக் கூடத்தில் வேலை பார்த்தார்.

1898-ல் பெங்களூரில் பிளேக் நுழைந்தது. வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஜனம் ஓடியது. ஊரே காலியானது. அப்போது பிளேக் முகாமில் நின்று பணிசெய்தவர்களில் அவரும் ஒருவர். சொந்த ஊர் தீண்டாத மனிதர், யாரும் தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டார்!

உன் விண்ணப்பத்தை யாரும் இன்னும் நிராகரிக்கவில்லை. நீ இன்னும் எழுதவே இல்லையே!

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1971-ல் தொடங்கியது. 1999-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. 2010 முதல் 2013 வரை அதன் சர்வதேசத் தலைவராக இருந்தவர் யார்? உன்னி கருணாகரா. இந்தியர். நம் கர்நாடகத்தில் மருத்துவம் படித்தவர்!

அவர்கள் கேட்பது என்ன? பொதுவாக, படிப்பு முடித்து இரண்டு வருட அனுபவம். ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை களத்தில் தங்கும் மனம். ஆங்கிலமோ பிரெஞ்சோ.

இதில் எது உன்னிடம் இல்லை? மனம் ஒன்றுதான் இல்லை!

"பயமாக இருக்கிறது."

அப்பாடா! இப்போதுதான் உண்மையைச் சொன்னாய்.

பயப்படு. பயம் வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. நோய்க்குப் பயம், போருக்குப் பயம், தனிமைக்குப் பயம். எல்லாம் நியாயம்தான்.

1938-ல் ஜப்பானியத் தாக்குதலில் தவித்த சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவர் சோலாப்பூர் இளைஞர் துவாரகநாத் கோட்னிஸ். நால்வர் திரும்பினார்கள். கோட்னிஸ் திரும்பவில்லை. 1942 டிசம்பர் 9 அன்று, 32 வயதில், அங்கேயே இறந்தார்.

இதை மறைத்து உனக்கு இனிப்பாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆபத்து உண்டு. ஆனால் ஆபத்துக்குத் தயாராவது வேறு, ஆபத்தைச் சொல்லி முடங்குவது வேறு!

தயாராகு! மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்கு 10 நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள். மலேரியாத் தடுப்பு மாத்திரையைத் தவறவிடாதே. கொசுவலைக்குள் தூங்கு. அமைப்பு சொல்லும் பாதுகாப்பு விதியை மீறாதே. வீரம் காட்டுகிறேன் என்று தனியே அலையாதே.

செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்துகொண்டே போ. பயம் பாதியாகக் குறையும். மீதிப் பாதி உன்னோடு வரட்டும். அது உன்னை எச்சரிக்கையாக வைத்திருக்கும்!

"தோற்றுப்போனால்?"

தோற்பாய்! ஒருமுறை அல்ல, பலமுறை தோற்பாய்!

நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை கைநழுவிப் போகும். பெங்களூராக இருந்தால் பிழைத்திருக்கும் என்று உனக்குத் தெரியும். ரத்தம் இருக்காது. ஆக்சிஜன் இருக்காது. மழையில் வண்டி வராது. மறுநாள் காலை அதே வாசலில் அடுத்த தாய் நிற்பாள்.

அப்போது என்ன செய்வாய்? முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் குழந்தையின் மூச்சை எண்ணுவாய்! அதுதான் வேலை. அதற்குப் பெயர்தான் டாக்டர்!

யெமலூரில் பிறந்த டாக்டர் சுதர்சனைக் கேள். பெங்களூர் மருத்துவக் கல்லூரியில் 1973-ல் தேறியவர். 1980 வாக்கில் பிளிகிரி ரங்கன் மலைக்குப் போனார். அங்குள்ள சோலிகர் பழங்குடியினர் ஓடிவந்து மாலை போட்டார்களா? இல்லை! தொடக்கத்தில் அவரை நம்பி யாரும் வரவில்லை.

நோயாளியே வராத டாக்டர்! அதைவிடத் தோல்வி வேண்டுமா?

அவர் இறங்கிவரவில்லை. காத்திருந்தார், குடிசை குடிசையாக நடந்தார், நம்பிக்கையைச் சம்பாதித்தார். 1994-ல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவரைத் தேடி வந்தது. விருதுக்காகவா போனார்? தோல்விக்கு முதுகு காட்டாமல் நின்றார், அவ்வளவுதான்!

"எனக்கு வயதாகிவிட்டது."

ஆல்பர்ட் ஷ்வைட்சர் மருத்துவம் படிக்கத் தொடங்கியதே 30 வயதில்! அதற்குள் தத்துவத்திலும் இசையிலும் பெயர் வாங்கியவர். 1913-ல், 38 வயதில், இன்றைய காபோன் நாட்டின் லம்பரேனேக்குப் போனார். முதல் வைத்தியசாலை எது தெரியுமா? பழைய கோழிக்கூண்டுக் கொட்டகை!

இன்னும் வயது வேண்டுமா? நம் கொல்லிமலைக்கு வா!

ஈவ்லின் பிராண்ட். இங்கிலாந்துக்காரி. கணவர் ஜெசி, 1929-ல் மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். எழுபதை நெருங்கும் வயதில் ஈவ்லினுக்கு, அவரை அனுப்பிய அமைப்பு ஓய்வு கொடுத்தது. "வீட்டுக்குப் போங்கள் பாட்டி" என்றார்கள்.

பாட்டி வீட்டுக்குப் போகவில்லை. மலைக்குத் திரும்பினாள்! குதிரையேறி ஊர் ஊராகப் போனாள். நரம்புச் சிலந்தி நோய்க்கு எதிராகப் போராடினாள். 95 வயதில் சாகும் வரை இந்த மண்ணை விடவில்லை. அவள் மகன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்திய டாக்டர் பால் பிராண்ட்.

எழுபதில் ஒருத்தி மலையேறினாள். நாற்பதில் நீ மூட்டுவலி பேசுகிறாய்!

"வீட்டில் விடமாட்டார்கள். இ.எம்.ஐ. இருக்கிறது."

வீட்டாரிடம் கேட்டாயா? ஒருமுறையாவது உட்கார வைத்து, எந்த நாடு, எத்தனை மாதம், என்ன பாதுகாப்பு என்று விளக்கினாயா? கேட்காமலே அவர்கள் மேல் பழி போடாதே!

நல்ல அமைப்புகள் பயணச் செலவு, தங்குமிடம், காப்பீடு, ஓரளவு சம்பளம் எல்லாம் தருகின்றன. லட்சலட்சமாக வராது. பட்டினியும் வராது. இரண்டு வருடம் சேமி. கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள ஓர் இளம் டாக்டரைப் பழக்கு. வழி இருக்கிறது. நீ வழியைத் தேடாமல் சுவரையே தேடுகிறாய்!

"நம் ஊரிலேயே ஏழைகள் இருக்கிறார்களே? வெளிநாடு எதற்கு?"

நல்ல கேள்வி! கேட்டுவிட்டு நீ என்ன செய்தாய் என்பதுதான் என் கேள்வி.

ரெஜியும் லலிதாவும் டாக்டர் தம்பதி. 1993-ல் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் குடிசை போட்டு வைத்தியம் தொடங்கினார்கள். பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களைச் செவிலியர்களாக்கினார்கள். இன்று அங்கே மருத்துவமனை நிற்கிறது. அல்சூரிலிருந்து ஒரு பகல் பயணம்!

அங்கே போகிறாயா? போ! கடல் தாண்டத் தேவையில்லை. ஆனால் உள்ளூரைக் காட்டி வெளிநாட்டைத் தட்டிக்கழித்து, நேரமில்லை என்று உள்ளூரையும் தட்டிக்கழிக்காதே! அது சேவையே இல்லை, வெறும் தந்திரம்!

இன்னொன்றையும் கேட்டுக்கொள். படம் எடுத்துப் போட ஒரு வாரம் போகாதே! அவர்கள் வறுமை உனக்குச் சுற்றுலா இல்லை. தெரியாத அறுவையை அங்கே போய்ப் பழகாதே! இங்கே செய்ய அனுமதி இல்லாததை அங்கேயும் செய்யாதே. தயவு செய்ய வந்தவன் போல நிற்காதே. அங்குள்ள செவிலியிடம் கற்றுக்கொள். அவளுக்கு உன்னைவிட அதிகம் தெரியும்.

திரும்பும்போது உன் இடத்தில் வேலை பார்க்க இரண்டு உள்ளூர்க்காரர்களாவது தயாராகியிருக்க வேண்டும். கிரீன் செய்தது அதுதான். சிட்லிங்கியில் நடந்ததும் அதுதான். நீ இல்லாமலும் நடக்கிற வேலைதான் நீ செய்த வேலை!

"நான் டாக்டரே இல்லையே" என்று நழுவப் பார்க்கிறாயா, வாசகனே?

செவிலியர் வேண்டும். லேப் டெக்னீஷியன் வேண்டும். மருந்தாளர் வேண்டும். தண்ணீர்க் குழாய் போடுகிறவர், ஜெனரேட்டர் ஓட்டுகிறவர், கணக்கு எழுதுகிறவர் வேண்டும். ஒரு முகாம் மருத்துவமனை இவர்கள் தோளில்தான் நிற்கிறது. நீயும் தப்ப முடியாது!

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போகிறாய். வந்து சேர்ந்த பிறகு 18 ஆண்டுகள் மூடியே நின்ற சிலை அது. எதிர்ப்பு, தடை, வழக்கு. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள்.

சிலை பாவம், தன் திரையைத் தானே விலக்க முடியாது. உனக்கு என்ன கேடு? உன் மேல் கிடக்கும் போர்வையைப் போர்த்தியது அரசா? நீதிமன்றமா? நீயே போர்த்திக்கொண்டாய்! நீயே உதறு!

இந்த வாரமே நான்கு வேலை செய்.

பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார். மருத்துவக் கவுன்சில் பதிவை ஒழுங்குபடுத்து. மொழி வகுப்பில் பெயர் கொடு. ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை நிரப்பு.

பெரிய தியாகம் எதையும் இன்று உன்னிடம் கேட்கவில்லை. ஒரு பக்கம்! ஒரே ஒரு பக்கம்!

கிரீன் முதல் நாளே தமிழில் பாடம் நடத்தவில்லை. சுதர்சனின் வாசலில் முதல் நாளே கூட்டம் நிற்கவில்லை. பல்புவுக்கு முதல் கதவே சாத்தப்பட்டது. அவர்களும் உன்னைப் போலத் தயங்கத் தெரிந்த மனிதர்கள்தான். தயங்கிக்கொண்டே காலை எடுத்து வைத்தார்கள்.

டாக்டர் இல்லாத ஊரில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு உன் பட்டம் தெரியாது, உன் பயம் தெரியாது, உன் இ.எம்.ஐ. தெரியாது. வந்தாயா இல்லையா என்பது மட்டும்தான் அதன் உயிருக்குக் கணக்கு.

எழுந்திரு, டாக்டர். விண்ணப்பத்தை இன்று இரவே எழுது!